பாட்டி மனசு எப்ப மாறுச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். காரைக்குடிலேர்ந்து எழுதுறேன்.

போன ஞாயிறு இணைப்புல வெளிநாட்டு சீரியல் பாக்குற பொண்ணுங்களப் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, கொரியா, துருக்கி எல்லாம் விளக்கமா இருந்துச்சு, தாய்லாந்துனு வந்ததும் பொண்ணும் பொண்ணும் காதலிக்கிற கதைனு ஒரே வரில தாண்டிட்டீங்க. அந்த வரிக்குள்ள என்ன இருக்குனு சொல்லத்தான் இந்த லெட்டர்.

நான் சொல்ல வர்றது 'கேப்' (GAP)னு ஒரு சீரியல். 2022 நவம்பர்ல தாய்லாந்து சேனல் 3ல ஆரம்பிச்சு 2023 பிப்ரவரில முடிஞ்சது, 12 எபிசோட், யூடியூப்லயும் வந்துச்சு. அதுவரைக்கும் அந்த ஊர் சீரியல்ல இந்த மாதிரி ஜோடி பெரும்பாலும் ஓரமா வந்துட்டுப் போகும், இதுல அவங்கதான் கதையே. சாம் ஒரு கம்பெனி முதலாளி, ராஜ வம்சத்து வழி, மோன் அங்க ட்ரெய்னியா வர்ற பொண்ணு, 8 வயசு வித்தியாசம். ஃப்ரீனும் பெக்கியும் நடிச்சிருக்காங்க. ஆபீஸே நடுங்குற முதலாளி வீட்டுக்குள்ள சின்னப் புள்ளையா இருக்குறதும், புதுசா வந்த பொண்ணு அதக் கண்டுபிடிச்சு ரசிக்கிறதும் அவ்ளோ அழகு. எனக்கு ரொம்பப் புடிச்சது என்னன்னா, ரெண்டு பொண்ணுங்க காதலிக்கிறாங்கங்கறதே ஜோக் இல்ல. நம்ம சினிமால இப்படி ஒரு கேரக்டர் வந்தா சிரிக்க வைக்கத்தான் வரும், அத தியேட்டர்ல உக்காந்து நான் எத்தன தடவ பல்லக் கடிச்சுக்கிட்டுப் பாத்திருக்கேன்னு எனக்குத்தான் தெரியும்.

எங்க அப்பத்தாவும் கூட உக்காந்து பாத்தாக. இங்கிலீஷ்ல ஓடுற சப்டைட்டில நான் வாசிச்சு சொல்லுவேன், அவுக கை பாட்டுக்கு பனை ஓலைல கொட்டான் பின்னிக்கிட்டிருக்கும். தாய்லாந்து பாஷைல 'ஹோம்'னா வாசனை, கன்னத்துல மூக்க வச்சு மோந்து முத்தம் குடுக்குறதுக்கும் அதே வார்த்ததான். அந்த சீன் வந்தப்ப நான் தயங்கி வாய மூடிட்டேன், அப்பத்தா அவுகளாவே "உச்சி மோந்த மாதிரி கன்னத்த மோக்குதுக"ன்னு சொல்லிட்டாக.

குறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். முதலாளி ட்ரெய்னிய காதலிக்கிறது, வேணாம்னு சொன்னா அந்தப் பொண்ணு வேலை என்னாகும்னு சீரியல் யோசிக்கவே இல்ல, நானும் சம்பளத்துக்கு வேல பாக்குறவ, எனக்கு அது உறுத்துச்சு. பாதிக்கு மேல காமெடி காணாமப் போயி அழுகைதான், பிரியிறதும் சேர்றதும் திரும்பத் திரும்ப. நடு நடுவுல கதையோட ஒட்டாம பொருள் விளம்பரம் வேற.

ஆனா என்னால மன்னிக்க முடியாதது பாட்டி விஷயம்தான். சாமோட பாட்டி பேத்திங்களுக்கு நெங், சோங், சாம்னு பேர், அதாவது அவங்க பாஷைல ஒண்ணு, ரெண்டு, மூணு. மூத்தவ பேச்ச மீறி வெளிய போயிட்டா, ரெண்டாவது உயிரோட இல்ல, மிச்சம் இருக்குறவள ஒரு பையனுக்குக் கட்டி வச்சே ஆகணும்னு நிக்கிறாங்க. எங்க பக்கம் கல்யாணம் ஆன ஜோடியத்தான் கோயில் கணக்குல ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம்னு எண்ணுவாக, அதுல வளந்த எனக்கு அந்த ஒண்ணு ரெண்டு மூணு என்னன்னு யாரும் சொல்ல வேணாம். அப்படிப்பட்ட பாட்டி கடைசில சீரியல் முடியப் போற நேரத்துல மனசு மாறி, கல்யாணமும் நடந்துடுது. அப்பத்தா கொட்டான கீழ வச்சுட்டு "அந்தம்மா ஏன் மாறுனாக? யாரு என்ன சொன்னாக?"னு கேட்டாக. எனக்கு பதில் சொல்லத் தெரியல. எனக்கு 31 வயசு, வீட்ல இன்னும் வரன் பாக்குறாக, அப்பத்தாகிட்ட நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு, அத எப்படி சொல்றதுன்னு அந்த சீன்ல கத்துக்கலாம்னுதான் அத்தன எபிசோடும் பொறுமையா உக்காந்திருந்தேன், அங்க போயி கைய விரிச்சுட்டாங்க.

அப்புறம்தான் நம்ம ஐகோர்ட் விஷயம் ஞாபகம் வந்துச்சு. மதுரைலேர்ந்து சென்னைக்குப் போயிட்ட ரெண்டு பொண்ணுங்க பாதுகாப்பு கேட்டு போட்ட கேஸ், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இது சரியாப் புரியலன்னு ஒத்துக்கிட்டு, ஒரு மனநல நிபுணர்கிட்ட உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அதையும் எழுதி வச்சு 2021 ஜூன் 7 உத்தரவு போட்டாரு. இத அப்பத்தாகிட்ட சொன்னேன். "ஜட்ஜையாவே போயிக் கேட்டுக்கிட்டாகளா?"ன்னு ரெண்டு தடவ கேட்டாக. சீரியல் விட்டது இதத்தான், கேட்டு, யோசிச்சு, மெதுவா மாறுறது.

தாய்லாந்துல 2025 ஜனவரி 23லேர்ந்து இந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லும், சீரியல்ல கல்யாணம் காட்டுனப்ப அங்கயே சட்டம் கிடையாது. நம்ம சுப்ரீம் கோர்ட் 2023ல ஏத்துக்கல. சட்டம் வர்றப்ப வரட்டும். நான் உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான், அந்த நீதிபதி எப்படித் தெரிஞ்சுக்கிட்டாருங்கறத நல்ல தமிழ்ல, பெரிய எழுத்துல, ஒரு பக்கம் போடுங்க. அப்பத்தா யூடியூப் தானா பாக்க மாட்டாக, உங்க பேப்பர தினம் காலைல முகப்புல உக்காந்து பூதக்கண்ணாடி வச்சு ஒரு வரி விடாம படிப்பாக.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காரைக்குடி
(பேர் போட வேணாம்)