42ஆம் நாளிலும் கூட நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

குடியிலிருந்து மீண்டு வருபவர்களின் மாலைக் கூட்டத்திலிருந்து எழுதுகிறோம். "மனசு வச்சா விட்டுடலாம்" என்று ஊரே சொல்கிறது. மனசு வைக்காத குடிநோயாளி எங்கே இருக்கிறார்? காலையில் வைத்த மனசு சாயங்காலம் 6 மணிக்குக் காணாமல் போகிறது, அதுதான் சிக்கல். அந்த 6 மணியைத் தாண்டுவதற்கு நீங்கள் செய்துகொடுத்த ஏற்பாடுகளுக்காகவே இந்த நன்றி. என்ன செய்தீர்கள், அது ஏன் பலித்தது என்று விவரமாகவே எழுதுகிறோம். இதே தவிப்பில் இருக்கும் இன்னொரு வீட்டுக்கு அது உதவட்டும்.

முதல் நன்றி, நிறுத்திய முதல் 4 நாளும் வார்டில் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் வாந்தியும் தொடங்கிவிடலாம். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். 2ஆம் நாளிலிருந்து 4ஆம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல் வரும்: இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது, உடம்பு கொதிக்கும். இதைச் சாமி குத்தம் என்று எண்ணி வீட்டிலேயே வைத்திருந்தால் உயிர் போகலாம். நீங்கள் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயாமின் ஊசி போட்டீர்கள். குடியால் வற்றிப்போன அந்த பி1 சத்தைக் குளுக்கோஸ் மேலும் இழுத்துக்கொள்ளும், மூளை பழுதாகும் என்று வீட்டாருக்கும் புரியவைத்தீர்கள். நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்து நிறுத்தினீர்கள். அதுவும் பழகிவிடும் மாத்திரை என்பதால், வீட்டுக்குப் போகும்போது கையில் மிச்சம் இல்லாமல் பார்த்துக்கொண்டீர்கள்.

அடுத்து ஆலோசகர்களுக்கு. "குடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 0 முதல் 10க்குள் ஒரு எண் சொல்லுங்கள்" என்று கேட்டீர்கள். ஒருவர் 5 என்றால், "ஏன் 2 இல்லை?" என்றீர்கள். இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. "ஏன் 10 இல்லை?" என்று கேட்டிருந்தால், வேலை அலுப்பு, கூட்டாளிகள், கடன் என்று குடிக்கான காரணங்களே வாயில் வந்திருக்கும். "ஏன் 2 இல்லை?" என்றதும் விடுவதற்கான காரணங்களை அவரே சொல்லத் தொடங்குகிறார். தன் வாயால் சொன்ன காரணம்தான் பிறகு கை கொடுக்கிறது. அதை அவர் வார்த்தையிலேயே எழுதிச் சட்டைப்பையில் வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். "நல்ல மனுஷனாகணும்" என்ற சீட்டு ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. "ஜூன் மாசம் பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் நானே கட்டணும்" என்ற சீட்டு தாங்குகிறது. கட்டினோமா இல்லையா என்று பார்த்துவிடலாம் அல்லவா?

வீட்டுப் பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வது? குடியை விட உதவும் டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாம் என்று யாரோ யோசனை சொன்னபோது நீங்கள் மறுத்தீர்களே, அதற்கு முதலில். அந்த மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால், சாராயம் உடைந்து வரும் அசிட்டால்டிஹைடு வெளியேறாமல் தங்கிவிடும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும். இதய நோய் உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சோதித்து, எடுப்பவர் சம்மதித்து, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழிந்த பிறகே அதைத் தொடங்க வேண்டும். நிறுத்தினாலும் 2 வாரம் வரை அதன் வேலை இருக்கும். அந்த மாத்திரையைக் காலையில் உங்கள் எதிரிலேயே போட்டுக்கொள்வதால், அன்றைக்கான முடிவு ஒரே தடவையில் முடிந்துவிடுகிறது. சாயங்காலம் மறுபடி மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அலமாரியிலிருந்த அரிஷ்டத்தையும் சில இருமல் மருந்துகளையும் அப்புறப்படுத்தினீர்கள். அவற்றிலும் ஆல்கஹால் உண்டு.

இன்னொன்று, வாசலில் வாயை மோந்து பார்ப்பதை விட்டீர்கள். குடிக்காமல் வந்த நாளிலும் சந்தேகப்பட்டால், "குடிச்சாலும் திட்டு, குடிக்காட்டியும் திட்டு" என்ற எண்ணம் வந்து அதுவே கடைப்பக்கம் தள்ளும். உங்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரியும். எத்தனை முறை ஏமாந்த பிறகு எடுத்த முடிவு!

மேஸ்திரிகளே, சனிக்கிழமைக் கூலியைக் கையில் தராமல் வங்கிக் கணக்கில் போட்டதும், 5 மணிக்கே வேலையை முடித்து அனுப்பியதும் பெரிய உதவி. டீக்கடை அண்ணாச்சி, 5.30க்கு நீங்கள் எடுத்து வைத்த சுண்டலும் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸும் மருந்துக்குச் சமம். குடிக்கத் தோன்றும் அலை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வடிந்துவிடும், ஆனால் வெறும் வயிற்றில் அதைத் தாண்டுவது கடினம். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எது இருக்கிறது என்று அந்த நேரத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்வோம். சாயங்காலத்தில் அநேகமாகப் பசியும் களைப்பும் சேர்ந்தே இருக்கும்.

குருசாமிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வருஷம் முழுவதும் விட முடியாதவர் மாலை போட்ட 41 நாள் ஒரு சொட்டு தொடுவதில்லை. அதைப் பார்த்து, "அப்ப முடியும்ல, மத்த நாள் உனக்குத் திமிரு" என்று ஊர் பேசுகிறது. எங்கள் கணிப்பு வேறு. அந்த 41 நாளும் விடியலில் குளியல், தனி உடை, பார்ப்பவர் எல்லாம் "சாமி" என்று அழைக்கும் மரியாதை, குடிக்கிற அதே நேரத்தில் பஜனை. கூட்டாளிகளும் தாமாகவே விலகி நிற்பார்கள். மாலையைக் கழற்றிய அன்று இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன. ஆள் அதே ஆள்தான், சுற்றி இருந்த வேலிதான் இல்லை. தவக்காலத்தில் விட்டவர்களுக்கு ஈஸ்டரும் இப்படித்தான். நீங்கள் 42ஆம் நாள் காலையில் போன் செய்து, "சாமி, குளிச்சாச்சா?" என்று கேட்டீர்கள். சாயங்காலப் பஜனையை வாரம் 3 நாள் தொடர்ந்தீர்கள். மாலை போட வந்தவருக்குக் கை நடுங்குவதைக் கவனித்து, முதலில் மருத்துவரிடம் அனுப்பினீர்கள். பெருங்காரியம் அது.

சறுக்கியவருக்குக் கதவைத் திறந்தவர்களே, உங்களால் பிழைத்த குடும்பங்கள் உண்டு. ஒரு கட்டிங்கோடு நிற்க வேண்டியது ஒரு மாதக் குடியாக மாறக் காரணம், "அதான் கெட்டுப்போச்சே, இனி என்ன" என்ற எண்ணம். நீங்கள் திட்டாமல் சோறு போட்டு, தூங்கவைத்து, மறுநாளே கூட்டத்துக்கு அழைத்து வந்தீர்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு, கையில் எவ்வளவு பணம் என்று 4 வரி எழுதச் சொன்னீர்கள். அடுத்த வாரம் எதை மாற்ற வேண்டும் என்பது அந்த 4 வரியிலேயே தெரிந்துவிடும். பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டவரை வீட்டிலேயே நிறுத்தவைக்காமல், 14446 என்ற உதவி எண்ணில் கேட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனீர்கள்.

கடைசியாக, புதிதாக வருபவர்களுக்கு. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியை விட்டிருந்த ஒரு பங்குத் தரகர் தன் தெளிவைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் போனார். கிடைத்தவர் ஓர் அறுவை மருத்துவர். எங்கள் கூட்டமுறை அந்தச் சந்திப்பில் பிறந்தது. ஆகவே இரவு 11 மணிக்கு நீங்கள் போன் செய்யும்போது எடுத்துப் பேசுபவருக்கும் அந்த இரவு கடந்துவிடுகிறது. தயங்காமல் கூப்பிடுங்கள். 2ஆம் வாரத்திலிருந்து டீ போடும் பொறுப்பு உங்களுடையது: 30 பேருக்கு 2 லிட்டர் பால், 1 லிட்டர் தண்ணீர். கூட்டம் 7 மணிக்கு என்றாலும் அடுப்பு பற்றவைக்க 6 மணிக்கே வந்துவிட வேண்டும். சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கும்.

நன்றியுடன்,
மாலைக் கூட்டத்து நண்பர்கள்