லாமுவின் கடலைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கென்யாவின் லாமு தீவு பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அதைக் காலம் உறைந்துபோன ஊர் என்று கட்டுரையாளர் திரும்பத் திரும்பச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஊருக்குப் போய்த் தங்கி வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

லாமு வீடுகள் பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்த்துக் கட்டியவை. தளத்தைத் தாங்குவது அலையாத்தி மரக் கழிகள். கழி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறையின் அகலம். அறைகள் குறுகலாக நீண்டு கிடப்பதற்குக் காரணம் இதுதான். வாசலில் நம்மூர்த் திண்ணை போல இருபுறமும் கல் இருக்கை, உள்ளே சுவர் நிறைய மாடக்குழிகள். கடற்காற்றில் சாந்து உதிரும், மறுபடி பூச வேண்டும். சந்துகளில் கார் நுழையாது என்பதால் மணலும் கல்லும் கழுதை முதுகில்தான் போகின்றன. 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஊர் இன்றும் குடியிருக்கும் ஊராக இருக்கிறதென்றால், அது தானாக நடந்ததில்லை.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத விஷயம், அந்த மக்கள் தங்கள் கடலுக்காக நடத்திய வழக்குகள். எதிரே பெருநிலக் கரையில் பெரிய துறைமுகம் கட்டுகிறார்கள். அதன் முதல் கப்பல் தளம் 2021 மே மாதம் திறக்கப்பட்டது. கடலை ஆழப்படுத்தத் தோண்டியதில் பரம்பரை மீன்பிடி இடங்கள் பாழாகின்றன என்று உள்ளூர்க்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2018-இல் மாலிந்தி உயர் நீதிமன்றம் சுமார் 4,600 மீனவர்களுக்கு 176 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடு தரச் சொன்னது. அங்கே வரவிருந்த 1,050 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையத்தையும் அவர்கள் விடவில்லை. மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை என்பதைச் சுட்டி, 2019 ஜூனில் தேசியச் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் அதன் உரிமத்தை ரத்து செய்தது. இவ்வளவு போராடிய ஊரைத் தூங்கும் ஊர் போல எழுதுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. துறைமுகத்துக்குப் பிறகு அங்கே மீனவர் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இன்னொன்று. கோட்டைப் படத்தின் கீழே 'போர்த்துகீசியர் கட்டியது' என்று அச்சாகியிருக்கிறது. மொம்பாசா, பாத்தே படைகளை எதிர்த்து நடந்த ஷெலா போரில் வென்ற பிறகு லாமு மக்கள் ஓமன் சுல்தானின் உதவியோடு எழுப்பிய கோட்டை அது. 1821-இல் கட்டி முடித்தார்கள். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி