எட்டு மணியும் எட்டு அடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரே கப்பலில் பணிசெய்த பழைய கடற்படையினரின் நினைவுகளைப் பதிபவர்கள் எடுத்த எடுப்பில் திகதியைக் கேட்கிறார்கள். திகதிதான் முதலில் மறக்கும். எந்த வாட்ச்சில் (கப்பலில் முறைவைத்து நிற்கும் காவல் வேளை) நின்றீர்கள், யாரிடம் பொறுப்பெடுத்தீர்கள் என்று கேட்டால் ஆட்களின் பெயர் தானாக வரும்.

வாட்ச் ஒன்று 4 மணித்தியாலம். பின்னேரம் 4 முதல் 8 வரை மட்டும் இரண்டாகப் பிரிப்பார்கள். அப்போது நாளுக்கு 7 வாட்ச். ஒற்றை எண் என்பதால் நடுச்சாம வாட்ச் தினமும் ஒரே ஆளின் தலையில் விழாது. கப்பல் மணி அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அடிக்கும்; ஒவ்வொரு முறையும் ஓர் அடி கூடிக்கொண்டே போகும். “எட்டு மணி அடித்தது” என்று பழைய கடற்படையினர் ஒருவர் சொன்னால் அது வாட்ச் முடிந்ததற்கான 8 அடி. கடிகாரத்தில் 12 ஆகவும் இருக்கலாம், 4 ஆகவும் இருக்கலாம். தமிழில் எழுதும்போது சறுக்குவது இங்கேதான்.

படங்களிலும் கவனம். இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானிய மாலுமியின் தொப்பி நாடாவில் ‘எச்.எம்.எஸ்.’ (மன்னரின் கப்பல்) மட்டுமே இருக்கும், கப்பல் பெயர் இராது. படத்தின் பின்புறம் யாரோ பிறகு எழுதிய பெயரை அப்படியே நம்ப வேண்டாம்.

இன்னொன்று: 1942 ஏப்ரல் 9 அன்று விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மூழ்கியது மட்டக்களப்புக்கு அப்பால். அன்றே நம் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டுபட்டு எரிந்தது சகாயிங் என்ற வேறு கப்பல். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

வாசகர்கள் சிலர்,
திருகோணமலை