பெயருக்குப் பின்னால் ஒரு பெயர்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். மருமகளும் பேத்தியும் சுகம்தானே?

போனில் பேசி முடிக்க முடியாத விஷயம், அதனால்தான் கடிதம். உன் ஆபீசில் ஒருவர், நீ கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் சொந்தக்காரனா என்று கேட்டாராம். இல்லை ராசா. அவர்கள் ஆங்கிலத்தில் இரண்டு ஓ போட்டு எழுதுகிற பெரிய இடம். நான் வெள்ளவத்தையில் கடை வைத்திருந்த குமாரசுவாமி. உன் அப்பப்பா முருக பக்தர், அதனால் எனக்கு இந்தப் பெயர் விழுந்தது. அவ்வளவுதான்.

ஆனால் பேத்தியின் பிறப்புப் பத்திரத்தில் குடும்பப் பெயராக எதைப் போடுவது என்று கேட்டாயே, அதற்கு அந்த வீட்டுக் கதை உதவும். 1835இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்தவர் ஒரு குமாரசுவாமி. அவர் மகன் தகப்பன் பெயரைப் பின்னால் வைத்து முத்து குமாரசுவாமி ஆனார். லண்டனில் பாரிஸ்டர், 1874இல் சேர் பட்டம். அவருடைய சகோதரியின் பிள்ளைகளோ தகப்பன் பெயரை முன்னால் வைத்தார்கள்: பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம். அந்தப் பொன்னம்பலம்தான் கொச்சிக்கடைச் சிவன் கோயிலைக் கட்டிய முதலியார். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு வழக்கம், பார்.

முத்துவின் மகன் ஆனந்தா 1877இல் இங்கே கொழும்பில் பிறந்தவர். தாய் ஆங்கிலேயப் பெண். இரண்டு வயதாகும் முன்பே தகப்பன் போய்விட, பிள்ளை இங்கிலாந்தில் வளர்ந்தது. முழுப் பெயர் ஆனந்த கென்டிஷ் முத்து குமாரசுவாமி. தாயின் ஊரான கென்ட், தகப்பன், அப்பப்பா எல்லாரும் அதற்குள் இருக்கிறார்கள். ஆனால் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்த காலத்திலும் சரி, பிறகு கொழும்பில் ஒரு வீதிக்கு அவர் பெயரை வைத்தபோதும் சரி, நிலைத்தது அப்பப்பாவின் பெயர்தான். முத்து நடுவில் அமுங்கிப்போனார். எனக்கு அது கொஞ்சம் உறுத்தல்.

பிறகும் இந்தப் பெயரில் ஆட்கள் வந்தார்கள். ராதிகா குமாரசுவாமி ஐ.நா.வில் போர்க்களச் சிறுவர்களுக்காகப் பேசினார். இந்திரஜித் ரக்பி அணித் தலைவராக இருந்து, 2016இல் மத்திய வங்கி ஆளுநரானவர். அவர் கையெழுத்திட்ட ஆயிரம் ரூபாய்த் தாளை அம்மாவிடம் காட்டி, "என் பெயர்க்காரன்" என்றேன். அதை வாங்கிக்கொண்டு மீன் வாங்கப் போய்விட்டாள்.

சரி, என் அபிப்பிராயம்: பேத்திக்கு உன் பெயரைப் போடு. அங்கே உன்னை எல்லாரும் மிஸ்டர் குமாரசுவாமி என்று கூப்பிடுவது எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் என் பெயர் உன்னோடு ஒரு முறை வந்துவிட்டது. அடுத்த முறை உன்னுடையது. விமான நிலையத்தில் தகப்பனுக்கு ஒரு பெயர், பிள்ளைக்கு ஒரு பெயரா என்று கேட்பார்கள். பிறப்புப் பத்திரத்தின் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள். மருமகள் தன் தகப்பன் பெயரையும் சேர்க்க விரும்பினால் தடுக்காதே.

முதற்பெயர் விஷயத்தில் நான் தலையிட மாட்டேன். ரோகிணிக்கு வ, வி என்று ஐயர் சொன்னாராம். அம்மா ஏற்கெனவே ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள், ஞாயிறு போன் எடுப்பாள்.

அன்புடன்,
அப்பா