கடைசிக் கால் மணி நேரத்தை வெட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சர்வதேச யோகா தினமான யூன் 21 நெருங்கும்போதெல்லாம் பத்திரிகைகளில் யோகாசனப் படங்கள் வருகின்றன. முதுகுவலிக்கு இது, நீரிழிவுக்கு இது என்ற பட்டியலைப் பார்த்துப் பலர் வகுப்புகளுக்கு வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு மணி நேர வகுப்பில் நேரம் பிந்திவிட்டால் முதலில் வெட்டுப்படுவது, மல்லாந்து படுத்து உடலைத் தளர்த்தும் சவாசனமும் அதற்குப் பின் இருந்து தியானிக்கிற நேரமும்தான். வியர்த்தாயிற்று, பாயைச் சுருட்டலாம் என்று முடித்துவிடுகிறார்கள். யோகத்தின் அழகும் தெய்வத்தன்மையும் கைக்கு வருவது அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தில். அதை விட்டுவிட்டு, யோகாவும் ஓர் உடற்பயிற்சிதானே என்று சொல்வது நியாயமில்லை.

தியானம் தனக்குச் சரிவராது என்று விட்டுவிடுகிறவர்களில் பலருக்குக் குறை மனத்தில் இல்லை, இருக்கும் முறையில் இருக்கிறது. சீமெந்து நிலத்தில் ஓலைப்பாயை மட்டும் விரித்துச் சப்பாணி கட்டி இருந்தால் முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்து நிற்கும். இடுப்பெலும்பு பின்னால் சரியும், முதுகு கூனும், வயிறு மடிந்து மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் கால் விறைக்கத் தொடங்கும். நரம்பு அழுத்தப்படுவதால் வரும் விறைப்பு அது. வைராக்கியத்தோடு தாங்கிக்கொள்ள வேண்டிய சோதனை என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாது.

பழைய பெற்சீற் இரண்டை இறுக்கி மடித்து, நாலு விரற்கடை உயரத்துக்கு வைத்து, அதன் முன்விளிம்பில் இருங்கள். முழங்கால் தானாகக் கீழே இறங்கும், முதுகு யாரும் சொல்லாமலே நிமிரும். தலையணை வேண்டாம், அமுங்கிவிடும். முழங்கால் தேய்ந்தவர்களுக்குக் கதிரை போதும். முன்பாதியில், பின்னால் சாயாமல், இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படும்படி இருக்க வேண்டும். கைகளைத் தொடையின் நடுவில் வைக்கவேண்டும். முழங்கால் வரை நீட்டினால் தோள் முன்னுக்கு இழுபடும். நாடியை, அதாவது மோவாயை, சற்று உள்வாங்கினால் பிடரி நீளும்.

மூச்சில்தான் அவசரம் கூடுதலான கெடுதல் செய்கிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் மூச்சை உள்ளிழுக்கும் பூரகத்துக்கு 16, உள்ளே அடக்கும் கும்பகத்துக்கு 64, வெளிவிடும் இரேசகத்துக்கு 32 என்று மாத்திரை என்ற கால அளவில் கணக்குச் சொல்கிறது. அதைக் கேள்விப்பட்டவுடன் 64ஐ எட்டிப்பிடிக்கக் கடகடவென்று எண்ணுகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கு குருவின் பக்கத்தில் இருந்து, ஆண்டுக்கணக்கில் பழகி அடைய வேண்டியது. தொடங்குகிறவர்கள் மூச்சை அடக்கவே வேண்டாம். நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே, மூக்கால் மட்டும், சத்தம் கேளாமல். உள்ளிழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடும், வெளிவிடும்போது சற்றுக் குறையும். அதனால்தான் வெளிமூச்சு நீண்டால் உடல் அடங்குகிறது. விரல் நுனி கூசினாலோ தலை சுற்றினாலோ அளவுக்கு மிஞ்சி மூச்சை இழுத்துத் தள்ளிவிட்டீர்கள், இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்துவிட்டது என்று கொள்ளுங்கள். உடனே எண்ணுவதை விட்டு மூச்சை அதன் போக்கில் விட்டால் சரியாகிவிடும். இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகம் பக்கம் போகவே கூடாது. எவ்வளவு பழகியவர் சொன்னாலும் கூடாது.

சவாசனத்துக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். வியர்வை காயும்போது உடல் குளிரும். மார்கழிப் பனிக்காலத்தில் ஒரு துணியால் போர்த்துக்கொள்ளுங்கள். குளிர் உறைத்தால் தசை மறுபடி இறுகிவிடும். எழும்பும்போது நேரே எழும்பாமல் வலப்பக்கம் திரும்பி, கையை ஊன்றி, தலையைக் கடைசியாகத் தூக்க வேண்டும்.

இனி விளக்கு. வீட்டுச் சாமியறையில் ஏற்றி, கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம். அதன் முன்னால் இரண்டு நிமிடம் கண்ணை வைத்துப் பாருங்கள். சுடர் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். நிலத்தில் வைத்த விளக்கைக் குனிந்து பார்த்தால் கழுத்து நோகும். ஒரு முக்காலியில் வைத்து, இரண்டு மூன்று அடி தள்ளி இருக்கலாம். காற்றாடியை நிறுத்துங்கள். திரி நீண்டால் சுடர் புகைக்கும், அளவாக இழுத்துவிடுங்கள். அசையாத சுடரின் அடியில் மெல்லிய நீலம் தெரியும், திரியைச் சுற்றிச் சிறு இருட்டு, அதற்கு மேலேதான் மஞ்சள். கண்ணில் நீர் முட்டியதும் இமையை மூடினால் அதே சுடர் உள்ளே நிற்கும், நிறம் மாறும், விலகும், மங்கும். துரத்திப் பிடிக்கப் போனால் ஓடிவிடும். அது மங்கி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கண்ணமுக்க நோயோ (குளுக்கோமா) வேறு கண் வருத்தமோ உள்ளவர்கள் இதைத் தவிர்த்து, மூச்சோடு திருவைந்தெழுத்தை வைத்துக்கொள்ளலாம். உள்மூச்சில் "சிவாய", வெளிமூச்சில் "நம". மாலை உருட்டுகிறவர்கள் நடுவிரலாலும் பெருவிரலாலும் உருட்டி, மாலையின் தலைமணியான மேருமணியைத் தாண்டாமல் திருப்ப வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் பக்திக்கு எதற்கு என்று கேட்பவர்கள் பூசலார் நாயனாரை நினைக்க வேண்டும். பொருள் கிடைக்காமல் மனத்துக்குள்ளே கோயில் கட்டினார் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் நாள் பார்த்து அத்திவாரம் போட்டு, சிகரம் வைத்து, தூபி நட்டு, சுதை பூசி, கிணறு வெட்டி, மதில் எழுப்பி, குளமும் தோண்டினார். ஒரு வேலையையும் தாண்டிப் போகவில்லை. காஞ்சியில் கல்லால் கோயில் கட்டிய காடவர்கோன் என்ற பல்லவ அரசனின் குடமுழுக்கு நாளை இறைவன் தள்ளிவைக்கச் சொன்னது பூசலாரின் அந்த மனக்கோயிலுக்காகத்தான். தியானம் என்றால் எதையோ நினைத்துக்கொண்டு கண்ணை மூடுவது என்று எண்ணுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

கொழும்புத்துறைக் கொட்டிலில் ஞானி யோகர் சுவாமிகள் வாழ்ந்த யாழ்ப்பாணம் இது. 1964இல் அவர் சமாதியடைந்த பின்பும் அவர் வழி நடக்கும் சிவதொண்டன் நிலையத்தின் தியான மண்டபத்தில் மௌனம் காக்கப்பட்டு வருகிறது. கோயில்களிலும் இதைச் செய்யலாம். காலைப் பூசை முடிந்தபின் அரை மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்தி, மண்டபத்தின் ஒரு பக்கத்தில் பாய் விரித்துவிட்டால் போதும். செலவு எதுவும் இல்லை. முதியவர்களுக்கு நாலைந்து கதிரையும் போட்டுவிடுங்கள். பரிபாலன சபைகள் இதை ஒரு கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டும்.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். இவ்வருட யோகா தினச் சிறப்புப் பக்கத்தில் ஆசனப் படங்களோடு, இருக்கும் முறைக்கும் மூச்சுக்கும் அரைப்பக்கமாவது ஒதுக்குங்கள். யார் எதைச் செய்யக் கூடாது என்பதையும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள்.

யோகப் பயிற்றுநர் ஒருவர்,
கோண்டாவில்.