ஏற்காடு எம்.எல்.ஏ.வின் கணக்கை எதைக் கொண்டு எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்தல் வந்தால் நாளிதழ்களில் தொகுதி அறிமுகம் வருகிறது. ஏற்காடு என்றால் 'பழங்குடியினர் தனித்தொகுதி' என்று ஒரு வரி, எந்தக் கட்சி எத்தனை முறை ஜெயித்தது, வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு பெட்டி. அதோடு சரி. 1989, 1991, 2011 மூன்று முறையும் அ.தி.மு.க.வின் சி.பெருமாள். 1996-ல் வந்தவர் தி.மு.க.வின் வி.பெருமாள்; பெயர் ஒன்று, ஆள் வேறு. சி.பெருமாள் 2013-ல் மறைந்தபின் நடந்த இடைத்தேர்தலில் அவர் மனைவி சரோஜா 78,116 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் நோட்டா பொத்தான் முதலில் வந்தது அப்போதுதான். 4,431 வாக்குகள் அதில் விழுந்தன. 2016-லும் 2021-லும் சித்ரா.

இதிலிருந்து மலைக்கிராமத்துக்காரர் எதைத் தெரிந்துகொள்வது? இந்தத் தொகுதியின் வாக்குகளில் பெரும்பகுதி மலையில் இல்லை. கீழே வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கம் இருக்கிறது. மாரமங்கலம், செம்மநத்தம் போன்ற மலைக்கிராமங்களுக்கு ஒன்றுமே செய்யாத ஒருவர்கூட பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துவிட முடியும். ஆகவே வித்தியாசத்தை வைத்து ஒரு உறுப்பினரின் உழைப்பை அளக்காதீர்கள். பேரவை நடவடிக்கைக் குறிப்பை வைத்து அளங்கள்.

கேள்வி நேரத்தில் ஒரு உறுப்பினர் சாலை கேட்கிறார். அமைச்சர் 'கருத்துரு ஆய்வில் உள்ளது' என்பார். இது பிடி கொடுக்காத பதில். விவரம் தெரிந்த உறுப்பினர் அங்கேயே உட்கார்ந்துவிட மாட்டார். துணைக் கேள்வி போட்டு, 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற சொல்லை வாங்கிவிடுவார். அந்தச் சொல் அவைக்குறிப்பில் ஏறிவிட்டால் அது அரசின் உறுதிமொழி. பேரவையின் அரசு உறுதிமொழிக் குழு அதை எடுத்து, துறையிடம் 'என்ன ஆயிற்று?' என்று கேட்கும். அறிக்கை வரும்வரை அது நிலுவைக் கணக்கிலேயே நிற்கும். மேடையில் கொடுத்த வாக்குக்கு இப்படிக் கணக்குக் கேட்க ஆள் இல்லை. ஐந்து ஆண்டில் ஒருவர் இப்படி எத்தனை உறுதிமொழி வாங்கினார், எத்தனை நிறைவேறின என்று எண்ணிச் சொல்லுங்கள்.

அடுத்தது தொகுதி மேம்பாட்டு நிதி. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பணிகளை உறுப்பினர் பரிந்துரைக்கிறார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருகிறார். கீழே நிழற்குடை, ரேஷன் கடை, அங்கன்வாடி என்று பணம் ஓடிவிடும். மலைச்சாலை என்றால் பாதியில் நின்றுவிடுகிறது. காப்புக்காடு குறுக்கே வரும் இடத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் மண்வெட்டி போட முடியாது. மதிப்பீட்டை முதலில் போட்டு அனுமதியைப் பிறகு கேட்பதுதான் வழக்கமான தவறு.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)-ன்படி சாலை, பள்ளி, குடிநீர்க் குழாய் உட்பட 13 வகைப் பணிகளுக்கு, பணி ஒன்றுக்கு 1 ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தை, கிராம சபை பரிந்துரையின் பேரில் விடலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. மாவட்ட வன அலுவலர் அளவிலேயே முடிகிற வேலை. கணக்குப் போட்டுப் பார்த்தால் 3.75 மீட்டர் அகலச் சாலை காட்டுக்குள் சுமார் 2.6 கிலோமீட்டர் போகலாம். இருபுறமும் மண் ஓரமும் வடிகாலும் சேர்த்து 6 மீட்டர் என்று பொறியாளர் வரைபடம் போட்டுவிட்டால் 1.6 கிலோமீட்டரிலேயே ஹெக்டேர் தீர்ந்துவிடும். அதைத் தாண்டினால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டம். மத்திய அரசு வரை கோப்பு போகும், ஆண்டுகள் ஓடும். அகலத்தை முன்கூட்டியே பேசி, கிராம சபைத் தீர்மானத்தைக் கையில் வாங்கிக்கொண்டு மதிப்பீடு போடச் சொன்ன உறுப்பினர் யார், அடிக்கல்லோடு நின்றவர் யார் என்பது ஊராட்சி ஒன்றியக் கோப்பிலேயே இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்டு வாங்கலாம்.

சொத்து விவரத்துக்கு, வேட்பு மனுவோடு தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26 இருக்கிறது. மறுபடி நிற்பவர் என்றால் இரண்டு தேர்தலின் பிரமாணப் பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டாலே போதும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். பேரவை மனுக்கள் குழு சேலம் மாவட்டத்துக்கு வருவதற்கு முன் மனு கேட்டு அறிவிப்பு வரும். மனு தமிழில், ஐந்து நகல்களோடு இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பட்டா, வங்கிக் கடன், வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், நீதிமன்றத்தில் உள்ள விவகாரம் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இது தெரியாமல் சாலை, குடிநீர், பட்டா மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் மனு ஒதுக்கப்பட்டுவிடும். அடுத்த முறை அந்த அறிவிப்பு வரும்போது இந்த நிபந்தனைகளோடும் கடைசித் தேதியோடும் சேலம் பதிப்பின் முதல் பக்கத்தில் போடுங்கள். வெள்ளக்கடையிலும் நாகலூரிலும் டீக்கடைக்கு வரும் பேப்பரில் அந்தப் பக்கம்தான் கை மாறிக்கொண்டே இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வாழப்பாடி, சேலம் மாவட்டம்.