சிகிச்சை முடியும்வரை ஒரே பாஸ் கொடுங்கள்

கொரோனா ஊரடங்கில் மாவட்டம் தாண்டிப் போக வாங்கவேண்டிய இ-பாஸ் விண்ணப்பங்களைப் பார்த்து முடிவு செய்யும் அதிகாரிகளுக்கு, நீலகிரி மாவட்டம் கோத்தகிரி பக்கத்திலிருந்து வணக்கம்.

கொரோனா எங்கள் மலைக்கு ஏறி வந்துவிடக் கூடாது என்று நீங்கள் படும் பாடு தெரியும். இந்த 2020 மார்ச்சில் எங்கள் ஹட்டிக்கு, அதாவது எங்கள் மலைக் கிராமத்துக்கு, வரும் வழியில் மூங்கிலைக் குறுக்கே கட்டியவர்களில் நானும் ஒருவன், அதனால் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

என் அம்மாவுக்கு 21 நாளுக்கு ஒருமுறை கோவையில் கீமோ. ஜூன் கடைசியில் மாவட்டம் தாண்ட மறுபடி பாஸ் கட்டாயம் என்றானதிலிருந்து ஒவ்வொரு கீமோவுக்கும் புதிதாக விண்ணப்பிக்கிறேன். வீட்டில் சிக்னல் கிடையாது, ஓடிபி வரவேண்டும் என்றால் குடையைப் பிடித்துக்கொண்டு தேயிலைக் காட்டு மேட்டுக்கு ஏற வேண்டும், அங்கே போய் அட்டை பூச்சியைத் தட்டிவிட்டபடியே ஆதாரையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஏற்றுவேன். ஜூலை 22 கீமோவுக்கு மூன்று தடவை போட்டேன், மூன்றும் நிராகரிப்பு. சீட்டு தெளிவாக இல்லையாம். (டாக்டர் கையெழுத்து எந்த ஊரில் தெளிவாக இருக்கிறது?) நாலாவது தடவை கிடைத்து 29-ஆம் தேதி போனோம். ஒரு வாரம் போச்சு. திரும்பும்போது அடிவாரச் சோதனைச் சாவடியில், இது போவதற்கு மட்டும்தான், வருவதற்கு இல்லை என்று ஒன்றரை மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். ரேஷன் கார்டைக் காட்டினேன், செல்லாதாம். அம்மா பின்சீட்டில் கவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தபடியே இருந்தார். சொந்த வீட்டுக்குப் போக அனுமதி கேட்டு நிற்கிறோம் என்று அவருக்குப் புரியவே இல்லை, ஏன் வண்டி போகலை என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நாங்கள் நின்ற நேரத்தில் வெளியூர் வண்டிகள் இரண்டு மேலே போயின. அவர்களிடம் பாஸ் இருந்ததாம், சரி. பாஸை ஏற்பாடு செய்து தரும் புரோக்கர்களைப் பற்றி ஊரே பேசுகிறது, உங்கள் காதுக்கு மட்டும் வராமலா இருக்கும்? டாஸ்மாக் வரிசைக்குப் பாஸ் கேட்கிறீர்களா? மாநிலத்துக்குள் போய்வரத் தனி அனுமதி தேவையில்லை என்று மத்திய உள்துறை ஜூலை 29-இல் உத்தரவு போட்டது, அதே நாளில்தான் நாங்கள் சாவடியில் நின்றுகொண்டிருந்தோம். நோய் பரவாமல் இருக்க வேண்டுமானால் ஆட்களைச் சோதியுங்கள், மாதிரி எடுங்கள், முடிவைச் சீக்கிரம் சொல்லுங்கள், நாங்கள் வீட்டோடு இருக்கிறோம். ஓடிபியைப் பார்த்து எந்தக் கிருமி திரும்பிப் போகிறது?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். நீண்ட நாள் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, நோயாளியும் கூட ஒருவரும் போய்வர, சிகிச்சை முடியும்வரை செல்லும்படி ஒரே பாஸ் கொடுங்கள். சுற்றிப் பார்க்க வருபவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் நிறுத்துங்கள், நாங்களே உங்களோடு சேர்ந்து நிற்கிறோம்.

அம்மாவுக்கு அடுத்த கீமோ ஆகஸ்ட் 19, புதன்கிழமை. விண்ணப்பம் நேற்றே போட்டுவிட்டேன். இந்தத் தடவை சீட்டை டைப் அடித்தே வாங்கியிருக்கிறேன், தயவுசெய்து பாருங்கள்.